டிரைவில் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பாருங்கள்: மோட்டார் வேலையில் கற்ற பாடங்கள்

415-ஐ 50-ஆல் வகுத்தால் 8.3. நம் ஊர் மூன்று ஃபேஸ் மோட்டார் நிம்மதியாக ஓட வேண்டிய எண் இதுதான்: ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். நேம் பிளேட்டில் இந்த எண்ணை யாரும் அச்சடிப்பதில்லை. வோல்ட் ஒரு கட்டத்தில் இருக்கும், ஹெர்ட்ஸ் வேறொரு கட்டத்தில் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக டிரைவில் (மோட்டாருக்குப் போகும் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஏற்றிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கோவை, திருப்பூர் பக்கம் டிரைவ் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. ஒரு மோட்டார் ஏன் சுடுகிறது, ஏன் இழுக்கவில்லை, ஏன் டிரைவ் ட்ரிப் ஆகிறது என்று கூப்பிடுகிற இடத்திலெல்லாம் நான் முதலில் செய்வது இந்த வகுத்தலைத்தான்.

காரணம் எளிது. மோட்டாரில் சுற்றாமல் நிற்கிற பகுதியான ஸ்டேட்டரின் காயிலுக்கு வோல்ட்டேஜ் கொடுக்கிறோம். அதைத் தாங்கி நிற்க காயில் தனக்குள் ஓர் எதிர் வோல்ட்டேஜை உண்டாக்க வேண்டும். அதற்கு இரும்புக்குள் காந்தப்பாயம், அதாவது இரும்பு வழியே செல்லும் காந்தத்தின் அளவு, ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை ஃப்ரீக்வென்சி முடிவு செய்கிறது. ஹெர்ட்ஸ் குறைந்தால் நேரம் கூடும், பாயம் அதிகம் ஏறும். பாலிடெக்னிக்கில் எல்லோரும் மனப்பாடம் செய்த சூத்திரம்தான்: வோல்ட்டேஜ் என்பது 4.44 × ஃப்ரீக்வென்சி × சுற்றுகள் × காந்தப்பாயம். சுற்றுகள் மாறப்போவதில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது, காந்தப்பாயம் என்பது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தது. அலகைப் பார்த்தாலும் அதேதான் வரும். ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு வோல்ட் என்றால் ஒரு வோல்ட்-செகண்ட், அதாவது ஒரு வெபர். டிரைவில் நாம் திருகுவது கரண்ட் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். இரும்புக்குள் எவ்வளவு காந்தம் ஏறலாம் என்பதைத்தான் உண்மையில் திருகுகிறோம்.

இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் குடித்து முடித்த துணியில் இன்னும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். அதுபோல, தெவிட்டிப்போன இரும்பில் இன்னும் கொஞ்சம் பாயம் ஏற்ற முயன்றால் காந்தம் பெரிதாகக் கூடாது, ஆனால் அதற்காக இழுக்கிற ஆம்பியர் தாறுமாறாகக் கூடும். அந்த ஆம்பியர் எந்த வேலையும் செய்யாமல் காயிலைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

இது எப்படி இருக்கும் என்பதைத் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தென் கொரியாவிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட் மெஷின். அதன் மோட்டார் ஒருமுறை எரிந்து, காயில் கட்டி மாட்டி, திரும்பவும் எரிந்து, திரும்பவும் கட்டியிருந்தார்கள். காயில் கட்டியவர்மேல்தான் எல்லோருக்கும் கோபம். அவரோ, "பழைய சுத்தை எண்ணி, அதே கேஜ் கம்பியிலதானுங்க கட்டினேன்" என்று ஒரே பேச்சாக நின்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

நேம் பிளேட்டில் பெயிண்ட் அப்பியிருந்தது. தின்னர் தொட்டுத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது: 5.5 கிலோவாட், 380 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 11.4 ஆம்பியர். கொரியாவில் மூன்று ஃபேஸ் என்றால் 380 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்தான். 380-ஐ 60-ஆல் வகுத்தால் 6.33. டிரைவுக்குள் பேஸ் (base) வோல்ட்டேஜ் 415, பேஸ் ஃப்ரீக்வென்சி 50 என்று இருந்தது; விகிதத்தைத் தீர்மானிக்க டிரைவ் அடிப்படையாக எடுக்கும் இரண்டு எண்கள் இவை. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இருந்த அமைப்பு. அதாவது 8.3. இருக்க வேண்டியதைவிட 31 சதவீதம் அதிகம்.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். வெறும் புல்லி மட்டும் சுற்ற, 25 ஹெர்ட்ஸில் ஓட்டி, ஒரு ஃபேஸ் வயரில் டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) கவ்வவிட்டேன். 10 ஆம்பியரைத் தாண்டியது. மோட்டாரின் உடம்பு கரகரவென்று உறுமியது; டெர்மினல் பெட்டியின் மூடிகூட அதிர்ந்தது. இந்த அளவு மோட்டார் வெறுமனே ஓடினால் 4 ஆம்பியர் சுமாருக்குத்தான் வர வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன், அதே 10 சொச்சம். லோடே இல்லாமல் முழு லோடு கரண்ட். இப்படி ஓடுகிற மோட்டாரில் எவ்வளவு நல்ல கம்பி போட்டுக் கட்டினாலும் நிற்காது.

பேஸ் வோல்ட்டேஜை 380 ஆக்கி, பேஸ் ஃப்ரீக்வென்சியை 60 ஆக்கினேன். மெஷின் ஓடுவது 50 ஹெர்ட்ஸில். அந்த இடத்தில் மோட்டாருக்குக் கிடைக்கப்போவது 317 வோல்ட்தான். டிரைவின் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் முதலாளிக்கு மனசே ஒப்பவில்லை.

"ஏனுங்க தம்பி, 415-ல இருந்து கொறச்சுட்டே போறீங்களே, மிசின் இழுக்குமுங்களா?"

"இழுக்குமுங்கண்ணா. இழுவை வோல்ட்ல மட்டும் இல்லீங்க. அந்த ஊர்ல 60-ல 380 குடுத்தப்ப எவ்வளவு காந்தம் இருந்துதோ, இங்க 50-ல 317 குடுத்தா அதே காந்தந்தான். காந்தம் அதேன்னா இழுவையும் அதேதானுங்க."

திரும்ப ஓட்டினோம். வெறும் ஓட்டத்தில் 4 ஆம்பியரை ஒட்டி நின்றது. உறுமல் போய்விட்டது. பெல்ட்டை மாட்டி, துணி ஓடும்போது 8 ஆம்பியர் அளவில் இருந்தது. மதியத்துக்கு மேல் மோட்டார்மேல் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தது. முதலாளி காயில்காரருக்கு அங்கேயே போன் போட்டுப் பேசினார். எனக்கு அதில்தான் நிறைவு. ஒரு கைத்தொழில்காரர்மேல் வீணாக விழுந்த பழி அது.

வெளிநாட்டு மெஷின் வாங்குகிறவர்கள் இந்த வகுத்தலை விலை பேசும்போதே செய்துவிட வேண்டும். ஐரோப்பிய மோட்டார் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் 8, நம்முடையதோடு ஒத்துப்போகும். அமெரிக்க மோட்டார் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றால் 7.67; நேரடியாக நம் லைனில் போட்டால் 8 சதவீதம் அதிகம், டிரைவில் சரி செய்துவிடலாம். ஜப்பான் கதை தனி. அந்த ஒரே நாட்டுக்குள் கிழக்கே 50, மேற்கே 60. டோக்கியோவுக்கு 1895-ல் ஜெர்மன் ஜெனரேட்டர் வந்தது, ஒசாகாவுக்கு 1896-ல் அமெரிக்க ஜெனரேட்டர் வந்தது. அந்தப் பிரிவு இன்றுவரை நீடிக்கிறது. அதனால் ஜப்பானிய நேம் பிளேட்டில் 200/50, 200/60, 220/60 என்று மூன்று வரி இருக்கும். வகுத்தால் 4, 3.33, 3.67. மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த மோட்டாரைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் 200 வோல்ட் மோட்டாரை 415 வோல்ட் டிரைவில் மாட்டி, பேஸ் வோல்ட்டேஜை 200 என்று போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விகிதம் சரியாகிவிடும், காந்தமும் சரியாகிவிடும். காயிலின் இன்சுலேஷனுக்கு அது போதாது. டிரைவ் வெளியே தள்ளுவது துடிப்புகளை. ஒவ்வொரு துடிப்பின் உயரமும் உள்ளே இருக்கும் டிசி பஸ்ஸின் (லைன் மின்சாரத்தை டிசியாக மாற்றி வைத்திருக்கும் பகுதி) வோல்ட்டேஜ் உயரம், அதாவது 590 வோல்ட்டை ஒட்டி. சராசரியாக 200 என்று திரை காட்டும்போதும் காயில் பார்ப்பது அந்த 590-ஐ. 200 வோல்ட் வகை மோட்டாருக்கு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு 200 வோல்ட் வகை டிரைவையே மாட்டுங்கள். செலவு கூடத்தான் செய்யும். காயில் இரண்டு தடவை கட்டுகிற செலவையும், மெஷின் நிற்கிற நாளையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடும்.

இனி, நான் எந்த டிரைவுக்கும் செய்கிற சோதனை. லோடைக் கழற்றிவிட்டு 10, 20, 30, 40 ஹெர்ட்ஸில் ஓட்டி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். விகிதம் சரியாக இருந்தால் அந்த ஆம்பியர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேகம் மாறினாலும் காந்தம் மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, ஆனால் நேம் பிளேட் ஆம்பியரை நெருங்குகிறது என்றால் விகிதம் அதிகம். எல்லா இடத்திலும் ரொம்பக் குறைவு, ஆனால் லோடு மாட்டியதும் எகிறுகிறது என்றால் விகிதம் போதவில்லை. மோட்டார் தாங்கக்கூடிய உச்ச டார்க் (சுழற்றும் இழுவை), காந்தத்தின் வர்க்கத்தில் குறைகிறது. விகிதம் 10 சதவீதம் குறைந்தால் உச்ச டார்க் 19 சதவீதம் போய்விடும். ஏறும்போது திணறும், டிரைவ் ஓவர்கரண்ட் காட்டி நிற்கும். மெஷின் டைட்டாக இருக்கிறது என்று பேரிங்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சோதனையில் கீழ்ப்பகுதியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். 5 ஹெர்ட்ஸில் விகிதப்படி 41.5 வோல்ட் வரும். காயிலின் ரெசிஸ்டன்ஸில் 10 வோல்ட் விழுகிறது என்று வையுங்கள். 415-ல் 10 போனால் தெரியாது. 41-ல் 10 போனால் கால்வாசி காந்தம் காலி. அதற்காகத்தான் டிரைவில் டார்க் பூஸ்ட் என்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள்: கீழே கொஞ்சம் வோல்ட்டேஜைத் தூக்கிக் கொடுக்கிறது. மெஷின் கிளம்பவில்லை என்றதும் எல்லோரும் கை வைப்பது இதில்தான். 3, 5, 8, 10 சதவீதம் என்று கிளம்புகிற வரைக்கும் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். கிளம்பிவிடும், உண்மைதான். அதே மோட்டார் இரவெல்லாம் மெதுவாக ஓட வேண்டிய இடத்தில் இருந்தால் காலையில் வாடை வரும். பூஸ்ட்டால் கீழே காந்தம் தெவிட்டியிருக்கும். மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் இருக்காது. ஒரு டையிங் யூனிட்டில் துணியைச் சுற்றும் ரீல் மோட்டார் இப்படித்தான் சுட்டுக்கொண்டிருந்தது. லோடு இல்லாமல் 30 ஹெர்ட்ஸில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு ஆம்பியர் 5 ஹெர்ட்ஸில் வந்தது. பூஸ்ட்டைக் குறைத்து, ஆக்ஸிலரேஷன் நேரத்தைக் கூட்டினேன். கிளம்பவும் கிளம்பியது, சூடும் அடங்கியது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட வேண்டிய மோட்டாருக்குத் தனி ப்ளோயர் வைப்பதுதான் முறை.

இப்போது வருகிற டிரைவ்களில் வெக்டர் மோடு இருக்கிறது, காயிலின் ரெசிஸ்டன்ஸை அதுவே அளந்து பூஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். நல்லதுதான், பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் நேம் பிளேட்டிலிருந்து நாம் ஏற்றுகிற வோல்ட், ஹெர்ட்ஸ் என்ற அதே இரண்டு எண்களை வைத்துத்தான் காந்தத்தைக் கணக்கிடுகிறது. அதில் தப்பு இருந்தால் வெக்டர் மோடு தப்பைத்தான் துல்லியமாகச் செய்யும்.

பம்ப்புக்கும் ஃபேனுக்கும் டிரைவில் வேறு வோல்ட்-ஹெர்ட்ஸ் வளைவு உண்டு. வேகம் பாதியானால் அவற்றுக்கு வேண்டிய டார்க் கால்வாசியாகிவிடும். அதனால் கீழே முழு காந்தம் தேவையில்லை. கீழே வோல்ட்டேஜை இன்னும் குறைத்துக் கொடுக்கும் ஸ்கொயர் வளைவைப் போட்டால், இரும்பில் சூடாக வீணாகும் மின்சாரம் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். அதே வளைவைக் கன்வேயருக்கோ கம்ப்ரஸருக்கோ ஸ்பின்னிங் மெஷினுக்கோ போட்டால் நின்ற இடத்திலிருந்து நகராது. போர்வெல் சப்மர்சிபிளை மட்டும் தனியாக வையுங்கள்: அதன் த்ரஸ்ட் பேரிங்குக்கு (கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தைத் தாங்கும் பேரிங்) தண்ணீர்ப் படலம் உருவாக வேகம் வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே தங்கவிடாமல் சட்டென்று தாண்டவையுங்கள். நம் பக்கம் ஆயிரம் அடி போர் என்பது சாதாரணம். அவ்வளவு நீளக் கேபிளில் விழுகிற வோல்ட்டேஜையும் கணக்கில் எடுங்கள். மேலே பேனலில் 8.3 இருந்தாலும் கீழே மோட்டாருக்குப் போய்ச் சேர்வது குறைவாகத்தான் இருக்கும்.

50-க்கு மேலே போனால் என்ன ஆகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். லைனில் 415 வோல்ட்தான் இருக்கிறது. டிரைவ் அதற்குமேல் கொடுக்க முடியாது. ஹெர்ட்ஸ் மட்டும் ஏறும், விகிதம் சரியும், டார்க் குறைந்துகொண்டே போகும். 70 ஹெர்ட்ஸில் விகிதம் 5.9 ஆகிவிடும். லேசான லோடு என்றால் ஓடும். முழு டார்க்கோடு மேலே போக ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு அது. நம் ஊரில் 3 எச்பி வரைக்குமான மோட்டார்கள் பெரும்பாலும் 415-க்கு ஸ்டாரில் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பு) கட்டப்பட்டிருக்கும். அதே மோட்டாரை டெல்டாவில் (மூன்று காயில்களையும் முக்கோணமாகக் கோக்கும் இணைப்பு) மாற்றினால் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஆகிவிடும், விகிதம் 4.8. டிரைவில் பேஸ் வோல்ட்டேஜ் 415, பேஸ் ஃப்ரீக்வென்சி 87 என்று போட்டால் அதே 4.8 கிட்டத்தட்ட 87 ஹெர்ட்ஸ் வரை அப்படியே நீளும். ஸ்டாரில் 4.6 ஆம்பியர் எடுத்தது டெல்டாவில் 8 எடுக்கும் என்பதால் டிரைவை அதற்கேற்பப் பெரிதாக எடுக்க வேண்டும். அந்த வேகத்தை மோட்டார் பேரிங்கும் எதிரே இருக்கும் மெஷினும் தாங்குமா என்று தயாரித்தவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

இவ்வளவும் அளந்து பார்க்கிற விஷயம் என்பதால் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டிரைவின் அவுட்புட்டில் சாதா மல்டிமீட்டரை வைத்து விகிதம் போடாதீர்கள். துடிப்புகளைப் பார்த்துக் குழம்பி அது எதையோ காட்டும். துடிப்புகளை வடிகட்டும் லோ-பாஸ் ஃபில்டர் உள்ள ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வேண்டும். இல்லையென்றால் டிரைவின் திரையையும் டாங் டெஸ்டரையும் நம்புங்கள்.

என்னோடு வேலை கற்க வந்த பையன் ஒருநாள், "அண்ணா, நம்ம மீட்டர் சரின்னு சொல்ற மீட்டர் எது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கும் வோல்ட்-ஹெர்ட்ஸ் விகிதத்தில்தான் பதில் இருக்கிறது. 1962-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன், தன் 22 வயதில் ஒரு விஷயத்தைக் கணித்தார். இரண்டு மீகடத்திகளுக்கு (கடும் குளிரில் ரெசிஸ்டன்ஸே இல்லாமல் போகும் பொருள்கள்) நடுவே மெல்லிய தடுப்பு வைத்தால், அதன் குறுக்கே இருக்கும் வோல்ட்டேஜும் அங்கே எழும் ஃப்ரீக்வென்சியும் மாறாத ஒரு விகிதத்தில் கட்டுண்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு 483597.8484 ஜிகாஹெர்ட்ஸ். எந்தப் பொருளில் செய்தாலும், எந்த ஊரில் செய்தாலும் இதேதான். 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1990-லிருந்து உலகம் முழுக்க 483597.9 என்ற எண்ணை ஒப்புக்கொண்டு வோல்ட்டை அளந்தார்கள். 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் பிளாங்க் மாறிலிக்கும் மாறாத மதிப்பு வைத்துவிட்டதால் இந்த விகிதமும் துல்லியமாக நிலைபெற்றுவிட்டது. 75 ஜிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் ஒரு சந்தியில் 155 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். அதனால் ஆயிரக்கணக்கான சந்திகளை ஒரே சில்லில் தொடராகக் கோத்து 10 வோல்ட் வரை எடுக்கிறார்கள். புதுடெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் வோல்ட்டேஜின் தரத்தை வைத்திருப்பது இந்த முறையில்தான். ஹெர்ட்ஸை அணுக் கடிகாரத்தால் அளக்க முடிகிறது, அதிலிருந்து வோல்ட் பிறக்கிறது. ஜோசப்சனின் அந்த விகிதத்தைத் தலைகீழாக்கினால் வருவதும் வெபர்தான், காந்தப்பாயத்தின் மிகச் சிறிய ஒரு துணுக்கு. நாம் மோட்டாருக்குள் 5, 6 மில்லிவெபர் என்று ஏற்றிக்கொண்டிருக்கும் அதே சரக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேலைமேல் மரியாதை கூடுகிறது.

சரி, இதே விகிதம் கெடுகிற இன்னோர் இடமான ஜெனரேட்டருக்கு வருவோம். தென்னிந்திய கிரிட் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்த பிறகு லைன் ஃப்ரீக்வென்சி பெரிதாக ஆடுவதில்லை. ஆடுவது டீசல் ஜெனரேட்டரில்தான். ஃபில்டர் அடைத்து நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது 1380-க்கு இறங்கினால் 46 ஹெர்ட்ஸ். ஏவிஆர் (ஜெனரேட்டரின் வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் கருவி) விடாப்பிடியாக 415-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் விகிதம் 9-ஐத் தாண்டும். பின்னால் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர், மோட்டார் எல்லாவற்றிலும் காந்தம் ஒன்பது சதவீதம் கூடுதல். இதைத் தடுக்கத்தான் ஏவிஆருக்குள் ஓர் எல்லை வைத்திருப்பார்கள்: பல ஏவிஆர்களில் 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனதும் வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் இறக்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு அந்த எல்லை 57. எது என்பதை ஏவிஆரில் இருக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்புத் துண்டு தீர்மானிக்கும்.

ஏவிஆரை மாற்றிய இடங்களில் இந்த ஜம்பரைப் பாருங்கள். 60-ல் இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் வோல்ட்டேஜ் 364-க்கு மேல் வராது. யாராவது வோல்ட் பாட்டை (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகித் திருகி 415-க்குக் கொண்டுவந்திருப்பார்கள். ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரிதான் தெரியும், ஆனால் லோடு விழுந்து சுற்று லேசாக இறங்கினாலே விளக்கெல்லாம் மங்கும். ஜம்பரை 50-க்கு மாற்றுவதற்கு முன்னால் லோடைப் பிரித்து, இன்ஜினை நிறுத்தி, அந்தப் பாட்டைத் திரும்பக் கீழே இறக்கிவிடுங்கள். இறக்காமல் மாற்றி ஸ்டார்ட் செய்தால் 415 வர வேண்டிய இடத்தில் 473 வந்து நிற்கும்.